நூருன்னிஸா: கோர்டன் சதுக்கத்தில் நிற்கும் ஒரு பெயர்

புலம்பெயர்ந்த எங்கள் வீடுகளில் ஓர் ஆளுக்கு மூன்று பெயர் இருப்பது புதினமான விடயம் அல்ல. ஊரில் கூப்பிட்ட பெயர் ஒன்று, கடவுச்சீட்டில் உள்ள பெயர் இன்னொன்று, வேலைத்தளத்தில் வெள்ளைக்காரர் வாய்க்கு வரும்படி வெட்டிக் குறுக்கிய பெயர் வேறொன்று. அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகிப் போனதால், ஒரே வீட்டில் தகப்பனுக்கு ஒரு குடும்பப் பெயர், பிள்ளைகளுக்கு வேறு குடும்பப் பெயர் என்று பள்ளிக்கூட அலுவலகத்தில் நின்று விளக்கம் சொன்னவர்கள் எத்தனையோ பேர். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வேறொருவரின் பெயரில் விமானம் ஏறி, வந்திறங்கிய பிறகுதான் தன் பெயரைச் சொன்னவர்களும் எங்களுக்குள் உண்டு.

ஆகவே இலண்டன் மத்தியில் ஒரு பூங்காவில் சிலையாக நிற்கும் ஒரு பெண்ணின் கதை எங்களுக்கு அந்நியமாக இருக்காது. முப்பது வயது வரைதான் அவர் வாழ்ந்தார். வீட்டில் கூப்பிட்ட செல்லப் பெயரை விட்டுப் பார்த்தாலும் அதற்குள் ஐந்து பெயர்கள். பெற்றோர் வைத்த பெயர் நூருன்னிஸா. உலகம் அவரை நூர் இனாயத் கான் என்று அறியும்.

யூஸ்டன் தொடருந்து நிலையத்தில் இறங்கித் தெற்குப் பக்கமாகச் சில நிமிடங்கள் நடந்தால் கோர்டன் சதுக்கம் வரும். எங்கள் பிள்ளைகள் பலர் படிக்கிற யூனிவர்சிட்டி கொலிஜின் கட்டடங்கள் அதைச் சுற்றி நிற்கின்றன. பூங்காவின் ஒரு மூலையில் நூரின் மார்பளவுச் சிலை இருக்கிறது. 2012 நவம்பர் 8 அன்று இளவரசி ஆன் அதைத் திறந்து வைத்தார். சிற்பி கேரன் நியூமன். நூரின் வாழ்க்கையை 2006 இல் நூலாக எழுதிய இந்தியப் பத்திரிகையாளர் ஷ்ரபணி பாசு முன்னின்று நிதி திரட்டியதால்தான் அந்தச் சிலை அங்கே வந்தது. சதுக்கத்தில் இருந்து பிரிந்து போகும் சிறிய வீதி டவிட்டன் வீதி. அதில் 4 ஆம் இலக்க வீட்டில் நீல வட்டப் பலகை ஒன்று 2020 ஆகஸ்டில் பதிக்கப்பட்டது. இந்திய வம்சாவளிப் பெண் ஒருவருக்கு இலண்டனில் அத்தகைய பலகை வைக்கப்பட்டது அதுவே முதற்தடவை. அந்த வீட்டு இலக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது தேவைப்படும்.

முதலில் பெயர். நூர் என்றால் அரபு மொழியில் ஒளி. கண்ணைக் கூச வைக்கும் வெளிச்சம் அல்ல, வழி காட்டுகிற வெளிச்சம் என்று விளக்கம் சொல்வார்கள். திருக்குர்ஆனின் 24 ஆவது அத்தியாயத்தின் பெயரே அந்நூர் என்பதுதான். முனீர், முனீரா, அன்வர், முனவ்வர் என்று எங்கள் காதில் விழுந்த பெயர்கள் எல்லாம் இதே வேரில் முளைத்தவை. நாகூர் தர்காவில் ஐந்து மனாராக்கள் நிற்கின்றன அல்லவா, அந்த மனாரா என்ற சொல்லும் இந்த வேர்தான். ஒளி ஏற்றுகிற இடம் என்பது அதன் முதற்பொருள். நிஸா என்றால் பெண்கள். இது பன்மைச் சொல். வேடிக்கை என்னவென்றால் இதற்கு இதே வேரில் ஒருமை கிடையாது. ஒரு பெண்ணைச் சொல்ல அரபியில் முற்றிலும் வேறு சொல் வேண்டும். குர்ஆனின் 4 ஆவது அத்தியாயம் அந்நிஸா.

இரண்டையும் சேர்த்தால் நூர் அல் நிஸா என்றல்லவா வர வேண்டும், ஏன் நூருன்னிஸா என்று வருகிறது? தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது விளங்க அதிக நேரம் எடுக்காது. நல் என்பதும் நெறி என்பதும் சேரும்போது நன்னெறி ஆகிறது. லகரம் அடுத்து வரும் நகரத்துக்குள் கரைந்துபோகிறது. அரபியிலும் அதேதான். அல் என்ற முன்னொட்டின் லகரம், பதினான்கு எழுத்துகளுக்கு முன்னால் வரும்போது தன் ஒலியை இழந்து அடுத்த எழுத்தாகவே மாறிவிடும். சூரிய எழுத்துகள் என்று அவற்றுக்குப் பெயர். நகரம் அவற்றில் ஒன்று. எனவே நூருன்னிஸா. பெண்குலத்தின் ஒளி என்று தமிழில் சொல்லலாம்.

மொகலாயர் காலத்து வீடுகளில் இந்த அமைப்பில் பெயர் வைப்பது மரபாக இருந்தது. ஔரங்கசீப்பின் மகள் ஸெப்உன்னிஸா. ஜஹாங்கீரின் மனைவி நூர்ஜஹான் பிறக்கும்போது மெஹ்ருன்னிஸா. தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் நூருன்னிஸா இன்றும் வழக்கில் உள்ள பெயர். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் மட்டுமல்ல, யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலும் அந்தப் பெயர் இருந்தது. எங்களோடு ஒரே வகுப்பில் படித்தவர்களின் பெயர் அது. 1990 ஒக்ரோபர் கடைசியில் அவர்கள் சில மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். புலம்பெயர்ந்த நாங்கள் ஊரை இழந்த கதையை அடிக்கடி சொல்கிறோம். அவர்களின் கதையை அவ்வளவாகச் சொல்வதில்லை.

மொஸ்கோவில் 1914 ஆம் ஆண்டின் முதல் நாளில் பிறந்த குழந்தைக்கு இந்தப் பெயர் எப்படிக் கிடைத்தது? தகப்பனார் இனாயத் கான் பரோடாவில் 1882 இல் பிறந்தவர். வீணை வித்துவான், சூஃபி ஞானி. அவருடைய தாய்வழிப் பாட்டனார் மௌலா பக்ஷ் பெரும் சங்கீத வித்துவான், பரோடாவில் இசைப்பள்ளி நிறுவியவர். அவர் மணந்த பெண் திப்பு சுல்தானின் வம்சம் என்பது அந்தக் குடும்பத்தின் மரபு. 1799 இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு கொல்லப்பட்ட பின் அவருடைய பிள்ளைகளை ஆங்கிலேயர் வேலூர்க் கோட்டையில் காவலில் வைத்தார்கள். 1806 யூலையில் வேலூரில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது கோட்டையில் ஏறியது திப்புவின் புலிக்கொடி. அதன் பிறகு அந்தக் குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. ஆக, இந்தப் பரம்பரையின் கதையில் தமிழ் மண்ணுக்கும் ஒரு பக்கம் உண்டு. ஆங்கிலப் பத்திரிகைகள் நூரை உளவு இளவரசி என்று எழுத விரும்புவது இந்த வம்சக் கதையால்தான். எமக்கு அந்தப் பட்டம் பிடிப்பதில்லை. அரண்மனையில் அவர் ஒரு நாளும் வாழ்ந்ததில்லை. வாழ்ந்ததெல்லாம் வாடகை வீடுகளிலும் ஓர் அன்பர் கொடுத்த வீட்டிலும்தான்.

தாயார் அமெரிக்கப் பெண், ஓரா ரே பேக்கர். இனாயத் கான் அமெரிக்காவில் கச்சேரி செய்யப் போனபோது இருவரும் சந்தித்தார்கள். பெண் வீட்டில் கடும் எதிர்ப்பு. அவர் வீட்டை விட்டுக் கப்பலேறி வந்து, 1913 மார்ச்சில் இலண்டனில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அன்றோடு பேக்கர் என்ற பெயரைக் கழற்றி வைத்துவிட்டு அமீனா பேகம் ஆனார். அமீனா என்றால் நம்பிக்கைக்குரியவள். இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாம் உலகப்போர் மூளும் நேரத்தில் குடும்பம் இலண்டனுக்கு வந்தது. அடுத்தடுத்துப் பிறந்த தம்பிமார் விலாயத், ஹிதாயத், தங்கை கைருன்னிஸா. இலண்டனில் பணக் கஷ்டம். இந்தியர் என்பதால் அதிகாரிகளின் சந்தேகப் பார்வை வேறு. 1920 இல் பிரான்சுக்குப் போனார்கள். பாரிஸுக்கு அருகே சுரேன் என்ற ஊரில் ஒரு சீடர் கொடுத்த வீட்டுக்கு ஃபஸல் மன்ஸில் என்று பெயர் வைத்தார் தகப்பனார். அங்கேதான் நூர் வளர்ந்தார். வீட்டில் அவரைக் கூப்பிட்டது பாபுலி என்று.

1927 பெப்ரவரியில் இந்தியாவுக்குப் போயிருந்த இனாயத் கான் டில்லியில் காலமானார். நூருக்கு வயது பதின்மூன்று. தாயார் துக்கத்தில் அறைக்குள் முடங்கிப்போக, மூன்று சிறுவர்களையும் பார்க்கும் பொறுப்பு மூத்த பிள்ளையின் தலையில் விழுந்தது. மூத்த பிள்ளையாகப் பிறந்த எவருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. அதற்குள்ளும் அவர் படித்தார். சோர்போனில் குழந்தை உளவியல், நாடியா புலாஞ்சேயிடம் இசை. ஹார்ப் வாசித்தார். சிறுவர் கதைகள் எழுதினார். பாரிஸின் பெரிய பத்திரிகையான ஃபிகாரோவில் அவை வந்தன, வானொலியிலும் ஒலித்தன. 1939 இல் புத்த ஜாதகக் கதைகள் இருபதை ஆங்கிலத்தில் மீளச்சொல்லி எழுதிய நூல் இலண்டனில் வெளியானது. குரங்கு அரசன் தன் உடம்பையே பாலமாக நீட்டித் தன் கூட்டத்தைக் கடத்திவிடும் கதை அதில் உண்டு. முஸ்லிம் பெயருள்ள பெண், இந்துஸ்தானி இசைக் குடும்பம், அமெரிக்கத் தாய், பிரெஞ்சுப் படிப்பு, பௌத்தக் கதைகள். அந்த வீட்டில் யாருக்கும் இது முரணாகப் படவில்லை.

1940 யூனில் யேர்மனியப் படை பாரிஸை நெருங்கியது. நூரும் விலாயத்தும் உட்கார்ந்து பேசினார்கள். தகப்பனார் கற்பித்தது அகிம்சை. ஆனால் நாசிகள் செய்வதைப் பார்த்துக்கொண்டு ஒதுங்கி நிற்பதும் பாவம்தான் என்று முடிவுக்கு வந்தார்கள். கொல்லாத வேலை, ஆனால் ஆபத்தான வேலை எது என்று தேடுவது என்று தீர்மானித்தார்கள். அகதிகளால் நிரம்பி வழிந்த தெருக்களைக் கடந்து போர்தோவுக்குப் போய்க் கப்பலேறி, யூன் 22 அன்று இங்கிலாந்தின் ஃபல்மத் துறையில் இறங்கினார்கள். குடும்பத்துக்கு இது எத்தனையாவது இடப்பெயர்வு என்று எண்ணிப் பாருங்கள். பரோடாவில் தொடங்கி மொஸ்கோ, இலண்டன், பாரிஸ், மறுபடி இலண்டன்.

1940 நவம்பரில் பெண்கள் துணை விமானப்படையில் சேர்ந்தார். அங்கேதான் முதல் பெயர் மாற்றம் நடந்தது. நூருன்னிஸா என்ற பெயரும் சூஃபி என்ற சமயமும் பதிவுப் படிவத்தில் கேள்விகளைக் கிளப்பும் என்பதால் நோரா இனாயத் கான், சமயம் இங்கிலாந்துத் திருச்சபை என்று பதிந்துகொண்டார். நூர், நோரா. காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும். பொருளில் சம்பந்தமே இல்லை. நோரா என்பது ஹொனோரா, எலனோரா போன்ற ஐரோப்பியப் பெயர்களின் சுருக்கம். சுரேஷ் என்பவர் சைமன் ஆகிற கணக்குத்தான். அந்தத் தந்திரம் எங்கள் தலைமுறை கண்டுபிடித்ததல்ல.

ஆனால் பெயரை மாற்றியவர் மனதை மாற்றவில்லை. அதிகாரியாகப் பதவி உயர்வதற்கான நேர்முகத்தில் இந்திய சுதந்திரம் பற்றிக் கேட்டார்கள். போர் முடியும் வரை பிரித்தானியாவுக்கு விசுவாசமாக இருப்பேன், முடிந்த பிறகு இந்தியாவின் பக்கம் நிற்கவேண்டி வரலாம் என்ற கருத்தை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டு வந்தார். வேலை கிடைக்காது என்று நினைத்துக்கொண்டார். கிடைத்தது அதைவிடப் பெரிய வேலை. பிரெஞ்சு மொழி தாய்மொழி போல, வானொலித் தந்தி அடிக்கவும் தெரியும். அப்படிப்பட்டவர்களைத்தான் பேக்கர் வீதியில் இருந்து இயங்கிய இரகசிய அமைப்பு தேடிக்கொண்டிருந்தது. எதிரியின் மண்ணில் எதிர்ப்பியக்கங்களுக்கு ஆயுதமும் தொடர்பும் கொடுக்க 1940 இல் சேர்ச்சில் அரசாங்கம் உருவாக்கிய அமைப்பு அது. 1942 நவம்பரில் அவரை நேர்முகத்துக்கு அழைத்தார்கள். பிடிபட்டால் சித்திரவதையும் மரணமும் என்று மறைக்காமல் சொன்னார்கள். அவர் சம்மதித்தார்.

பயிற்சியாளர்களின் அறிக்கைகள் நல்லபடியாக இல்லை. பொய் சொல்லத் தெரியவில்லை, பயந்த சுபாவம், உணர்ச்சிவசப்படுகிறார் என்றெல்லாம் குறை எழுதினார்கள். உளவு வேலைக்குப் பொருத்தமில்லை என்று ஒருவர் எழுதியதை மேலதிகாரி பக்மாஸ்டர் கோபத்தோடு தள்ளிவைத்தார். சங்கேத மொழிப் பிரிவின் பொறுப்பாளர் லியோ மார்க்ஸ் மட்டும் வேறு வழியில் போனார். அவருடைய ஜாதகக் கதை நூலைத் தேடி வாசித்துவிட்டு, அந்தக் கதைகளின் பாஷையிலேயே பேசி அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

1943 யூன் 16 இரவு, நிலா வெளிச்சத்தில் ஒரு சிறு லைசாண்டர் விமானம் அவரைப் பிரான்சின் ஆன்ஜே நகருக்கு அருகே ஒரு வயலில் இறக்கிவிட்டது. ஆக்கிரமிக்கப்பட்ட பிரான்சுக்குள் போன முதலாவது பெண் வானொலித் தொடர்பாளர் அவர். இப்போது அவருக்கு மேலும் இரண்டு பெயர்கள். இயக்கப் பெயர் மதலென். அடையாள அட்டையில் ஜான் மரி ரெனியே, குழந்தைகளைப் பராமரிக்கும் தாதி. மதலென் என்ற பெயர் மக்தலா என்ற ஊரில் இருந்து வந்தது. அந்த ஊர்ப் பெயருக்குப் பொருள் கோபுரம். பெயர் வைத்தவர்கள் இதை யோசித்து வைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் வான்தந்தியை உயர்ந்த இடங்களில் கட்டிச் செய்தி அனுப்பிய ஒருவருக்கு அது பொருந்தித்தான் இருந்தது.

அவர் போய்ச் சேர்ந்து ஒரு வாரத்திலேயே அவர் இணையப் போன பெரிய வலையமைப்பை யேர்மனியர் உடைத்தார்கள். தலைவர் சுட்டில் யூன் 24 இல் பிடிபட்டார். வானொலித் தொடர்பாளர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். திரும்பி வந்துவிடும்படி இலண்டன் சொன்னது. தான் வந்துவிட்டால் பாரிஸில் தொடர்புக்கு ஆளில்லை, வேறொருவர் வரும்வரை இருக்கிறேன் என்பது அவர் நிலைப்பாடு. ஏறத்தாழ 15 கிலோ எடையுள்ள கருவி ஒரு பெட்டிக்குள். அதைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக மாற வேண்டும். இருபது நிமிடத்துக்கு மேல் ஓரிடத்தில் இருந்து அடித்தால் மோப்பம் பிடிக்கும் வாகனங்கள் வந்துவிடும். அந்த வேலையில் ஒருவர் ஆறு வாரம் தாக்குப்பிடிப்பார் என்பது கணக்கு. அவர் நின்றது ஏறத்தாழ நான்கு மாதங்கள். தலைமுடியின் நிறத்தை மாற்றினார். தெரிந்த முகங்கள் உள்ள சுரேனுக்கே போய் பழைய அயலவர் வீட்டில் இருந்து செய்தி அனுப்பினார். பொய் சொல்லத் தெரியாது என்று எழுதப்பட்டவர் அவர்.

ஒக்ரோபர் நடுப்பகுதியில் பிடிபட்டார். பணத்துக்காகக் காட்டிக்கொடுக்கப்பட்டார் என்பதுதான் தெரியவந்தது. போருக்குப் பின் விசாரிக்கப்பட்டவர் விடுதலையானார். காட்டிக்கொடுத்தல் என்ற சொல்லின் பாரம் எங்களுக்குத் தெரியும். அதனால் அந்தப் பெயருக்குள் நாம் போகவில்லை.

இங்கே ஒரு விடயத்தை மறைக்காமல் எழுத வேண்டும். அனுப்பிய செய்திகளின் பிரதிகளை அவர் ஒரு கொப்பியில் வைத்திருந்தார். அறிவுறுத்தலைப் பிழையாக விளங்கிக்கொண்டதால் அப்படி நடந்தது என்று சொல்வார்கள். அது கருவியோடு சேர்ந்து யேர்மனியர் கையில் விழுந்தது. அதை வைத்து அவர்கள் மதலென் அனுப்புவதுபோல இலண்டனுக்குச் செய்தி அனுப்பினார்கள். பேக்கர் வீதி நம்பியது. சந்தேகப்படக் காரணங்கள் இருந்தும் நம்பியது. 1944 பெப்ரவரி கடைசியில் அந்தப் பொய்ச் செய்திகளை நம்பி அனுப்பப்பட்ட மூவர் பரசூட்டில் நேராக யேர்மனியரின் கைகளிலேயே இறங்கினார்கள். அவர்களில் ஒரு பெண்ணின் உண்மைப் பெயரே மதலென், மதலென் டமெர்மோன். நூரின் புகழைப் பாடும் கட்டுரைகள் பல இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன. எமது பார்வையில் பெரும் பழி, இலண்டனில் சூடான அறையில் இருந்து செய்திகளைச் சரிபார்க்கத் தவறியவர்களுக்கே. ஆனால் நடந்ததை நடந்ததாகச் சொன்னால்தான் அந்தப் பெண்ணின் துணிவும் முழுதாக விளங்கும்.

பாரிஸில் 84, ஃபோஷ் அவென்யூவில் வைத்து வாரக்கணக்கில் விசாரித்தார்கள். சகாக்கள் பற்றி அவர் வாயில் இருந்து எதுவும் வரவில்லை என்று விசாரித்த அதிகாரி கீஃபரே போருக்குப் பின் வாக்குமூலம் கொடுத்தார். இரண்டு முறை தப்ப முயன்றார். இரண்டாவது முறை இன்னும் இரு கைதிகளோடு கூரைச் சாளரத்தின் கம்பியைக் கழற்றி வெளியே வந்தும்விட்டார்கள். அந்த நேரம் பார்த்துப் பிரித்தானிய விமானங்களின் தாக்குதலுக்கு அபாயச் சங்கு ஊத, காவலர் அறைகளைச் சோதித்தார்கள். அதோடு பிடிபட்டார்கள். இனித் தப்ப முயலமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். அவர் மறுத்தார். 1943 நவம்பர் கடைசியில் யேர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைம் சிறைக்கு அனுப்பப்பட்டார்.

அவருடைய கோப்பில் எழுதப்பட்டது இரவும் மூடுபனியும் என்று பொருள்படும் இரண்டு யேர்மன் சொற்கள். 1941 டிசம்பரில் ஹிற்லர் பிறப்பித்த ஆணையின் பெயர் அது. அந்த வகைக் கைதி எங்கே இருக்கிறார், உயிரோடு இருக்கிறாரா என்று குடும்பத்துக்கு ஒருபோதும் சொல்லப்படக் கூடாது. கொல்வது மட்டும் நோக்கமல்ல, தடயமே இல்லாமல் ஆக்குவது நோக்கம். இதை வாசிக்கும்போது எங்களுக்கு வேறெங்கும் போகத் தேவையில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கித் தெருவோரத்தில் படங்களோடு உட்கார்ந்திருக்கும் தாய்மாரின் கேள்வியும் இதுவேதான்.

ஃபோர்ட்ஸ்ஹைமில் கையிலும் காலிலும் விலங்கு. தனிச்சிறை. பத்து மாதம். உணவை ஊட்டிவிடுவதற்கும் உடையை மாற்றுவதற்கும் ஒரு பெண் உதவிக்கு வர வேண்டியிருந்தது. அங்கே அவர் சொல்லிக்கொண்ட பெயர் ஐந்தாவது பெயர்: நோரா பேக்கர். தாயார் 1913 இல் கழற்றி வைத்த பெயரை மகள் எடுத்து அணிந்துகொண்டார். இதற்குள் ஒரு கணக்கு இருந்திருக்க வேண்டும். ரெனியே என்பது பொய்ப் பெயர். இனாயத் கான் என்றால் பிரான்சில் இருக்கும் உறவினருக்கு ஆபத்து. பேக்கர் என்பது பொய்யும் அல்ல, எவரையும் காட்டிக்கொடுப்பதும் அல்ல. தாயின் பெயருக்குள் மறைந்துகொள்வது போல.

சிறைக்கு வந்த பிரெஞ்சுக் கைதிகள் சிலர் தகரக் கிண்ணங்களின் அடிப்பக்கத்தில் கீறி ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டார்கள். விலங்கிட்ட அந்தப் பெண்ணும் அப்படித்தான் பதில் கீறினார். ஒரு நாள் தன் பெயரையும் விலாசத்தையும் கீறினார். நோரா பேக்கர், 4 டவிட்டன் வீதி, இலண்டன். தாயார் அப்போது இருந்த வீடு.

1944 செப்ரெம்பரில் அவரை வெளியே எடுத்து டாகாவ் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். கூடவே எலியான் ப்ளூமன், யோலாந்த் பீக்மன், மதலென் டமெர்மோன். 13 ஆம் திகதி காலையில் நால்வரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

இலண்டனில் வீட்டாருக்கு எதுவும் தெரியாது. அவர்களுக்காகத் தேடியவர் வேரா அட்கின்ஸ், பேக்கர் வீதி அலுவலகத்தில் அந்த முகவர்களை வழியனுப்பி வைத்த பெண். ருமேனியாவில் வேரா ரோசன்பர்க் என்று பிறந்த யூதப் பெண் அவர். இங்கிலாந்துக்கு வந்து தாய்வழிப் பெயரை எடுத்துக்கொண்டவர். திரும்பி வராத 118 பேரைத் தேடி யேர்மனிக்குப் போனார். 117 பேரின் முடிவைக் கண்டுபிடித்தார் என்பது சாதனை. ஆனால் நூர் விடயத்தில் முதலில் தவறு நடந்தது. 1944 யூலை 6 இல் நாட்ஸ்வைலர் முகாமில் கொல்லப்பட்ட நான்கு பெண்களில் ஒருவர் நூர் என்று சாட்சியங்களை வைத்து முடிவு செய்தார். குடும்பத்துக்கும் அப்படியே சொல்லப்பட்டது. உண்மையில் அது சோனியா ஓல்ஷனெஸ்கி என்ற வேறொரு பெண். தவறு தெரியவந்தது ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்து உயிரோடு மீண்ட ஒரு பிரெஞ்சுப் பெண் கைதி சொன்ன தகவலால். 1944 செப்ரெம்பர் வரை விலங்கோடு ஓர் ஆங்கிலேயப் பெண் அங்கே இருந்தார், பெயர் நோரா பேக்கர், விலாசம் டவிட்டன் வீதி என்று அவர் குறித்து வைத்திருந்தார். யூலையில் இறந்த பெண் செப்ரெம்பரில் கிண்ணத்தில் கீற முடியாது. அங்கிருந்து தொடங்கி டாகாவ் வரை தடம் தெரிந்தது. தடயமே இருக்கக் கூடாது என்று அரசு எழுதிவைத்த ஒருவரைக் கண்டுபிடிக்க, தாயின் பெயரும் ஒரு வீட்டு இலக்கமும் போதுமாக இருந்தன.

பிரான்ஸ் 1946 இல் போர்ச்சிலுவை விருது வழங்கியது. பிரித்தானியாவின் ஜோர்ஜ் சிலுவை 1949 ஏப்ரலில் அரச வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அங்கே அச்சாகியிருக்கும் பெயர் நோரா இனாயத் கான். தாயார் அமீனா பேகம் அதே ஆண்டில் காலமானார். விலாயத் தகப்பனாரின் வழியில் சூஃபி இயக்கத்தின் தலைவராகி 2004 வரை வாழ்ந்தார். சுரேனில் பாடசாலை ஒன்றுக்கு நூரின் பெயர். யூலை 14, பிரெஞ்சுத் தேசிய நாளில் ஃபஸல் மன்ஸில் முன்னால் இராணுவ வாத்தியக் குழு நின்று வாசிக்கும் வழக்கம் உண்டு. கோர்டன் சதுக்கச் சிலையிலும் டவிட்டன் வீதிப் பலகையிலும் இருப்பது நூர் என்ற பெயர். எண்பது ஆண்டுகளுக்கு முன் படிவத்தில் எழுதத் தயங்கிய பெயர்.

தங்கை கைருன்னிஸாவும் இங்கிலாந்தில் பெயர் மாற்றிக்கொண்டார். அக்காவின் நினைவுகளைப் பின்னாளில் எழுதி வைத்தது கிளேர் என்ற பெயரில். கிளேர் என்பது பிரெஞ்சுச் சொல். அதற்குப் பொருள் வெளிச்சம் மிக்கது, தெளிவானது.